எச்.ஓ.வா, ‘என்’னா? வீட்டுக்குள் ரயில் விடும் முன் ஒரு அளவுக் கணக்கு

ஓசூர்ப் பக்கம் ‘லேஅவுட்’ என்றால் வீட்டுமனை. அதனால் “மொட்டை மாடி ரூமில் ஒரு லேஅவுட் போடப் போகிறேன்” என்று நான் முதலில் சொன்னபோது வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் பேச்சில் லேஅவுட் என்பது வேறு. பலகை மேல் தண்டவாளம், ஸ்டேஷன், மலை, மரம் எல்லாவற்றையும் நிலையாகப் பதித்து, அதில் குட்டி ரயிலை மின்சாரத்தில் ஓட்டுவார்கள். அந்த முழு அமைப்புக்குப் பெயர்தான் லேஅவுட்.

போன மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். மாதிரி ரயில்களின் இரண்டு அளவுகளில் எதை வாங்குவது என்று அவனுக்குக் குழப்பம். “சித்தப்பா, எச்.ஓ. வாங்கட்டுமா, ‘என்’ ஸ்கேல் வாங்கட்டுமா?”

“எங்க வைக்கப் போற?”

“பத்துக்குப் பத்து ரூம் இருக்கு. எது சின்னதோ அதை வாங்கினா நிறைய ஓட்டலாம் இல்ல? விலையும் கம்மியா இருக்கும்.”

‘என்’ ஸ்கேல் என்று தமிழில் சொன்னாலே தகராறுதான். “என் ஸ்கேல்” என்று அவன் சொல்ல, “உன் ஸ்கேல் எதுன்னு முடிவு பண்ணத்தானே போன் பண்ணின?” என்று நான் கேட்க, அதிலேயே இரண்டு நிமிஷம் போய்விட்டது. (இந்தக் கட்டுரை முழுக்க அந்த எழுத்தை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறேன். குழம்ப வேண்டாம்.)

அவன் கேட்டதில் மூன்று தப்புகள் இருந்தன. ஸ்கேலும், கேஜ் எனப்படும் தண்டவாள இடைவெளியும் ஒன்று, சின்னதென்றால் சுலபம், சின்னதென்றால் மலிவு. புதிதாக வருகிற எல்லோரும் இந்த மூன்றையும் நம்பிக்கொண்டுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன், கொஞ்சம் பணமும் விட்டேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கொலுப் படியிலிருந்து வீட்டு பிளானுக்கு

கொலுவில் செட்டியார் பொம்மை இருக்கும். முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் பரப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த படியில் கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரம், தவில் எல்லாம் இருக்கும், ஆனால் மொத்த ஊர்வலமும் செட்டியார் மடியில் அடங்கிவிடும். யாரும் குறை சொல்வதில்லை. கொலுவுக்கு அந்தக் கணக்கு தேவையும் இல்லை.

வீட்டு பிளானில் அப்படி விட முடியாது. இன்ஜினியர் தாளில் வரையும்போது ஹால், சமையலறை, படிக்கட்டு எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்துச் சுருக்குகிறார். பிளானில் 1:100 என்று போட்டிருந்தால், தாளில் ஒரு செ.மீ. தரையில் ஒரு மீட்டர். ஹாலை ஒரு எண்ணாலும் படிக்கட்டை இன்னொரு எண்ணாலும் சுருக்கியிருந்தால் அந்த வீட்டைக் கட்டவே முடியாது.

இந்த வகுக்கும் எண்தான் ஸ்கேல். தமிழில் அளவு விகிதம் எனலாம், ஆனால் கடையில் கேட்கும்போது ஸ்கேல் என்றே கேளுங்கள். எச்.ஓ. என்பது 1:87. நிஜத்தில் உள்ள நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றையும் 87-ஆல் வகுத்தால் எச்.ஓ. மாதிரி வரும். இப்போது நம் ரயில்களில் ஓடும் எல்.எச்.பி. வகைப் பயணிகள் பெட்டி ஏறக்குறைய இருபத்து மூன்றரை மீட்டர் நீளம். எச்.ஓ.வில் அது 27 செ.மீ. ஆகிறது, பள்ளிக்கூட அடிஸ்கேலை விடக் கொஞ்சம் குறைவு. ‘என்’ ஸ்கேல் 1:160. அதே பெட்டி அதில் 15 செ.மீ.க்குள் அடங்கிவிடும், பேனா நீளம்.

எண் பெரிதாகப் பெரிதாகப் பொருள் சின்னதாகிறது என்பதில் பலருக்குத் தடுமாற்றம் வரும். பாகப்பிரிவினையை நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும். அதே நிலத்தை நாலு பங்காகப் போட்டால் ஒரு பங்கு பெரிசு, எட்டுப் பங்காகப் போட்டால் சிறிசு.

என் முதல் தப்பு இதில்தான். எச்.ஓ. பிளாட்பாரத்தில் நிற்க வைக்க மனிதர்கள் வேண்டியிருந்தது. கட்டட மாதிரிகளில் வைக்கும் குட்டி பிளாஸ்டிக் ஆட்கள் மலிவாகக் கிடைத்தார்கள். 1:100 என்று போட்டிருந்தது. 87-க்கும் 100-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நூறு பேரை வாங்கிவிட்டேன். ஐந்தரை, ஐந்தே முக்கால் அடி ஆள் எச்.ஓ.வில் 20 மி.மீ. உயரம் இருக்க வேண்டும், இவர்கள் 17 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தான் குறை. பெட்டி வாசல் பக்கத்தில் நிற்க வைத்ததும் எல்லோரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். மீசை வைத்த பிள்ளைகள். இப்போது அவர்களைத் தள்ளி, மலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தூரத்தில் இருப்பதால் சின்னதாகத் தெரிகிறார்கள் என்று கண் சமாதானம் ஆகிவிடுகிறது.

பிள்ளைகள் விளையாடும் கையடக்க இரும்புக் கார்களிலும் இதே வம்பு உண்டு. அவை பெரும்பாலும் 1:64-ஐ ஒட்டி வரும். ஆனால் காரும் லாரியும் ஒரே அளவு அட்டைப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக லாரியை இன்னும் சுருக்கிவிடுவார்கள். ரயில்வே கேட்டில் அவற்றை நிறுத்தினால் கார் ரயிலுக்குச் சமமாகவும் லாரி காருக்குச் சமமாகவும் நிற்கும்.

ஆக, ஸ்கேல் ஒரு வகுக்கும் எண். லேஅவுட்டில் உள்ள ரயில், ஆள், வீடு, வண்டி எல்லாம் ஒரே எண்ணால் வகுபட்டிருக்க வேண்டும்.

டிராக்டர் சக்கரமும் தருமபுரி தண்டவாளமும்

அடுத்தது கேஜ். இரண்டு தண்டவாளங்களின் உட்பக்க இடைவெளிக்குப் பெயர் கேஜ். இது விகிதம் அல்ல. டேப் வைத்து அளக்கிற சாதாரண தூரம்.

எங்கள் பக்கம் உழவு தெரிந்தவர்களுக்கு இதை டிராக்டரை வைத்தே சொல்லிவிடலாம். வரிசைப் பயிருக்குள் வண்டி இறங்க வேண்டுமென்றால் பல டிராக்டர்களில் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு இடைவெளியை மாற்றுவார்கள். சக்கர இடைவெளி கூடும், குறையும். அதனால் டிராக்டர் பெரிதாகிவிடுவதில்லை, ஓட்டுகிறவர் குள்ளமாகிவிடுவதும் இல்லை.

ரயிலில் இதே வேலை தருமபுரியில் இரண்டு முறை நடந்திருக்கிறது. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்தது குறுகிய பாதை, தண்டவாள இடைவெளி இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. பிறகு அது ஓசூர் வரை நீண்டது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1905-ல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அதே இரண்டரை அடியில் ஒரு பாதை வந்துவிட்டது. இரண்டும் பின்னால் மூடப்பட்டன. அப்புறம் தருமபுரி வழியாகச் சேலம் – பெங்களூரு மீட்டர் கேஜ், 1000 மி.மீ. 1990-களில் அதையும் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போட்டார்கள், 1676 மி.மீ. கிருஷ்ணகிரி ஊருக்கு மட்டும் போன ரயில் போனதுதான். இன்றைக்கும் தேர்தலுக்குத் தேர்தல் பேச்சில் மட்டும் வந்துபோகிறது.

இரண்டு முறை கேஜ் மாறியது. மூன்று பாதையிலும் ஏறி உட்கார்ந்தவர் அதே ஐந்தரை அடி ஆள். நிஜ உலகத்தில் ஸ்கேல் எப்போதும் 1:1. கேஜ் மட்டுமே மாறுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பெயர்கள் எங்கிருந்து வந்தன

மாதிரி ரயிலில் ஸ்கேலையும் கேஜையும் மக்கள் ஒன்றாக நினைப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-ல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயிலுக்கு நிலையான தண்டவாள அகலங்களை வைத்து 1, 2, 3 என்று எண் கொடுத்தது. பிறகு ஒன்றைவிடச் சின்னதாக ஒன்று வந்தது. ஒன்றுக்குக் கீழே என்ன? பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத்தான் ஆங்கிலம் பேசியவர்கள் ‘ஓ’ என்று வாசித்துவிட்டார்கள். அதில் பாதி அளவு வந்தபோது ‘பாதி ஓ’ என்ற பொருளில் எச்.ஓ. ஆனது. பிரிட்டனின் ஓ ஸ்கேல் 1:43.5, எச்.ஓ. 1:87. கணக்கு சரியாக இருக்கிறது, பாருங்கள்.

‘என்’ என்பது ஒன்பது. தண்டவாள அகலம் 9 மி.மீ. ஆங்கிலத்தில் நைன், ஜெர்மனில் நொய்ன், இரண்டும் அதே எழுத்தில் தொடங்குவதால் பெயர் ஒட்டிக்கொண்டது. எச்.ஓ.வுக்கும் ‘என்’னுக்கும் நடுவில் டி.டி. இருக்கிறது, டேபிள் டாப் என்பதன் சுருக்கம், 1:120, தண்டவாளம் 12 மி.மீ. இன்னும் சின்னதாக 1972-ல் மார்க்லின் கொண்டுவந்தது இசட், 1:220, அகலம் 6.5 மி.மீ. ஆங்கிலத்தின் கடைசி எழுத்து, இதைவிடச் சின்னதாக யாரும் செய்யப் போவதில்லை என்று நினைத்து வைத்த பெயர். பின்னால் ஜப்பானிலிருந்து 3 மி.மீ. அகலத்தில் ஒரு ரயில் வந்துவிட்டது, அது வேறு கதை. தோட்டத்தில் ஓட்டுகிற பெரிய ரயில்கள் ஜி என்ற பெயரில் 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும். மழை, வெயிலைத் தாங்கும், இடமும் அதற்கேற்ற மாதிரி வேண்டும்.

பெயர்கள் தண்டவாள அகலத்திலிருந்து பிறந்தவை. அப்புறம்தான் அவை விகிதத்துக்கும் பெயராயின. அதனால்தான் ஒரே பெயருக்கு நாட்டுக்கு நாடு வேறு விகிதம். ‘என்’ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150. மூன்றும் ஒரே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும். வாங்கும்போது அட்டைப் பெட்டி மேல் உள்ள எழுத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் செய்த இன்னொரு வேலையையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் நாட்டு ரயில் ஐரோப்பிய ரயிலைவிட ஒடுங்கியது. 1:87-க்குச் சுருக்கினால் அந்தக் காலத்து மோட்டார் இன்ஜினுக்குள் நுழையவில்லை. உடம்பை 1:76-க்குப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை எச்.ஓ.வின் 16.5 மி.மீ.யிலேயே விட்டுவிட்டார்கள். அதுதான் ஓ.ஓ. ஸ்கேல். நியாயமாக அந்த உடம்புக்கு 19 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவான பாதை வேண்டும். பெரிய உடம்பு, ஒடுங்கிய கால். பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனத்து ரயில் வைத்திருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அதையே ஓட்டிச் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

நம் அகலப் பாதைக்கு வரும் சிக்கல்

எச்.ஓ. தண்டவாளம் ஏன் 16.5 மி.மீ.? உலகத்து ரயில் பாதைகளில் பாதிக்கு மேல் 1435 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 16.5. ‘என்’னின் 9 மி.மீ.யும் அதே 1435-ஐ 160-ஆல் வகுத்து வந்தது. நம் நாட்டு அகலப் பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். அந்த அகலத்தில் கடையில் தண்டவாளம் கிடையாது.

அதனால் எச்.ஓ.வில் வரும் இந்திய ரயில் எல்லாமே ஓ.ஓ. மாதிரிதான், உடம்பு 1:87, கால் ஒடுங்கல். ஏறக்குறைய 3 மி.மீ. குறை. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எதிரே குனிந்து இன்ஜினின் முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தும். 16.5 மி.மீ. பாதையை நிஜமான இந்திய அகலப் பாதையாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் 1:102-ல் தாமே செய்யலாம், கணக்கு துல்லியமாக இருக்கும். ஆனால் பெட்டி, ஆள், மரம், வீடு எதுவும் கடையில் வாங்க முடியாது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒடுங்கிய காலோடு வாழப் பழகிக்கொண்டேன்.

மீட்டர் கேஜ் பிரியர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. டி.டி. தண்டவாளம் 12 மி.மீ. அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பது யாருக்கும் தெரியாது. எச்.ஓ. உடம்பை டி.டி. தண்டவாளத்தில் ஓட்டினால் மீட்டர் கேஜ் தயார்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், உடம்பின் அளவைச் சொல்வது ஸ்கேல், பாதையின் அகலத்தைச் சொல்வது கேஜ், ஒரு ஸ்கேலின் உடம்பை இன்னொரு ஸ்கேலின் பாதையில் வைப்பது குற்றம் இல்லை.

இடம் போதுமா என்பது வளைவில் தெரியும்

“பத்துக்குப் பத்து ரூம் இருக்கு” என்றான் அல்லவா. அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ரயில் நீளமானது, அதனால் நீளமான இடம் வேண்டும் என்று நினைக்கிறோம். நீளம் பிரச்சினையே இல்லை. ரயில் திரும்பி வர வேண்டும், அதற்குத்தான் இடம் தேவை. ஸ்கேலைத் தீர்மானிப்பது வளைவின் ஆரம், அதாவது வளைவு எந்த வட்டத்தின் பகுதியோ அந்த வட்டத்தின் மையத்திலிருந்து தண்டவாளம் வரை உள்ள தூரம்.

தொப்பூர் கணவாயில் லாரி திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். பைக்காரர் சர்ரென்று திரும்பும் இடத்தில் நீளமான டிரெய்லர் இரண்டு பக்கமும் இடத்தை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். பெட்டி நீளமாக நீளமாக வளைவும் பெரிதாக வேண்டும். ரயிலிலும் அதே கதை. அகலப் பாதையில் நம் ரயில்வே அனுமதிக்கும் மிகக் கடுமையான வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 2 மீட்டர் வருகிறது. ஒரு முழு வட்டம் போட 4 மீட்டர் அகலம் வேண்டும், பதிமூன்று அடி. இதுதான் மிகக் கடுமையான வளைவு என்பதை மறந்துவிடாதீர்கள். ‘என்’னில் போட்டாலும் 2.2 மீட்டர் அகலம் ஆகிறது.

ஆகவே வீட்டில் ஓட்டுகிற எல்லோரும் வளைவில் ஏமாற்றுகிறோம். எந்த அளவுக்கு ஏமாற்றலாம் என்பதுதான் கேள்வி. அட்டைப் பெட்டியில் செட்டாக வரும் எச்.ஓ. வளைவுத் தண்டவாளங்கள் பெரும்பாலும் 36 முதல் 46 செ.மீ. ஆரம் கொண்டவை. அதில் 27 செ.மீ. எல்.எச்.பி. பெட்டி போனால் நடுப்பகுதி உள்ளே தொங்கும், முனை வெளியே நீட்டும், பக்கத்துப் பாதையில் நிற்கும் ரயிலை உரசும், சில சமயம் தடம் புரளும். பழகியவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும், இரண்டு மடங்கு என்றால் ஏதோ ஓடும், பார்க்கச் சகிக்காது. எச்.ஓ.வில் மூன்று மடங்கு 81 செ.மீ. ‘என்’னில் 44 செ.மீ.

இப்போது பிளைவுட் கடைக்குப் போவோம். ஒரு முழு ஷீட் எட்டுக்கு நாலு அடி, செ.மீ.யில் 244-க்கு 122. ஓரத்தில் கொஞ்சம் விட்டால் அதில் அடங்கும் அதிகபட்ச ஆரம் 55 செ.மீ. ‘என்’னின் 44 தாராளமாக உட்காரும். எச்.ஓ.வின் 81-க்கு வழியே இல்லை. ஒரு ஷீட்டில் எச்.ஓ. போட்டால் குட்டையான பெட்டி, சரக்கு வேகன், சின்ன டீசல் இன்ஜின் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பெட்டி எல்.எச்.பி. ரயில் எச்.ஓ.வில் மூன்று மீட்டர் நீளம் வரும், பலகையே 2.44 மீட்டர்தான். ரயில் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு சுற்றும்.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எட்டுக்கு நாலு பலகை, எட்டுக்கு நாலு இடத்தில் அடங்காது. மனிதக் கை வசதியாக எட்டுவது இரண்டரை அடி. பலகையின் நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டீர்களானால், கடைசிப் பாதையில் ரயில் கவிழ்ந்தால் நீங்கள் ஸ்டேஷன் மேல் படுத்துத்தான் எடுக்க வேண்டும். நான் படுத்திருக்கிறேன். ஒரு வாட்டர் டேங்க் போனது. நீளப் பக்கங்கள் இரண்டிலும் இரண்டடி, ஒரு முனையில் இரண்டடி நடக்க இடம் விட்டால் பத்துக்கு எட்டு அடி ஆகிவிடுகிறது. அண்ணன் மகனின் ரூமில் பலகை போட்டால் கட்டிலுக்கு இடம் இல்லை.

வட்டமே வேண்டாம் என்றால் வேறு கதை. சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்தில் பரண் பலகை மாதிரி நீளமாகப் போட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வண்டியை ஓட்டி, யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்து விளையாடலாம். அதற்கு எச்.ஓ. அருமை. சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க வேண்டுமென்றால் வட்டம் தேவை. எனக்குக் காபி முக்கியம்.

சின்னதென்றால் சுலபமா, மலிவா

‘என்’ எச்.ஓ.வில் ஏறக்குறைய பாதி நீளம். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து சுருங்குவதால் கனஅளவு ஆறில் ஒரு பங்காகிவிடும். எடையும் ஏறக்குறைய அப்படியே குறையும். எடை இருந்தால்தான் சக்கரம் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கும். பிடித்தால்தான் இழுக்கும், பிடித்தால்தான் மின்சாரமும் ஏறும்.

மின்சாரம் எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிடுவோம். சாதாரண அமைப்பில் இரண்டு தண்டவாளமும் இரண்டு கம்பிகள் மாதிரி, 12 வோல்ட் நேர்மின்சாரம். இடதுச் சக்கரம் ஒன்றிலிருந்து எடுக்கிறது, வலதுச் சக்கரம் மற்றதில் விடுகிறது, நடுவில் மோட்டார் சுற்றுகிறது. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஊசிமுனை அளவுதான். அங்கே ஒரு தூசி உட்கார்ந்தால் வண்டி நின்றுவிடும். எச்.ஓ. இன்ஜின் தன் எடையால் அதை நசுக்கிக்கொண்டு போய்விடும். ‘என்’ இன்ஜின் தயங்கும், இசட் இன்ஜின் நின்று உங்களைப் பார்க்கும். கிரானைட் லாரிகள் போகிற சாலையோரம் வீடு இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மறுநாள் காலை தண்டவாளத்தில் விரலை இழுத்துப் பாருங்கள், சாம்பல் நிறக் கோடு வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கண்ணும் விரலும் அடுத்தது. ‘என்’னில் ஆள் உயரம் 11 மி.மீ., நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. சக்கரத்தைப் பாதையில் ஏற்றி வைப்பதே ஒரு கலை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் நடக்காது. என் மாதிரி ஆட்களுக்கு எச்.ஓ. அதனாலேயே பிடிக்கும். இருபது வயதுக் கண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

விலையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. பாதி அளவுக்குப் பாதி விலை வராது. இரண்டிலும் ஒரு மோட்டார், அதே எண்ணிக்கைப் பல்சக்கரம், அதே பெயின்ட் வேலை, சின்னதில் வேலை இன்னும் நுணுக்கம். பிளாஸ்டிக் மட்டும்தான் மிச்சம். அதற்கு மேல், சின்ன ரயிலுக்கு அதே பலகையில் அதிகப் பாதை போடத் தோன்றும், ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பாயிண்ட் கூடும், பணம் அங்கே போகும். இந்திய இன்ஜின், இந்தியப் பெட்டி வேண்டுமென்றால் எச்.ஓ.வில்தான் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வெளிநாட்டு ரயிலே போதும் என்பவர்களுக்கு இரண்டிலும் கொட்டிக் கிடக்கிறது, ‘என்’னில் ஜப்பான் ரயில்கள் குறிப்பாக.

பழைய பேப்பர் வைத்து ஒரு சோதனை

எதையும் வாங்கும் முன் ஒரு வேலை செய்யச் சொன்னேன். பழைய செய்தித்தாளை ஒட்டி எட்டுக்கு நாலு ஆக்கித் தரையில் விரி. 27 செ.மீ.க்கு ஒரு அட்டைத் துண்டு, 15 செ.மீ.க்கு ஒன்று, பத்துப் பத்தாக வெட்டு. நூலில் சாக்பீஸ் கட்டி 55 செ.மீ.க்கு ஒரு வட்டம், 44-க்கு ஒரு வட்டம் போடு. அட்டைகளைக் கோட்டின் மேல் வரிசையாக வைத்து நின்று பார். எது உனக்கு ரயிலாகத் தெரிகிறது என்று சொல்.

இரண்டு நாள் கழித்து போட்டோ அனுப்பினான். எச்.ஓ. அட்டைகள் வட்டத்தில் முக்கோண முக்கோணமாக முறைத்துக்கொண்டு நின்றன. ‘என்’ அட்டைகள் அழகாக வளைந்திருந்தன. “‘என்’ தான் சித்தப்பா சரி. ஆனா ஆளுங்க ரொம்பச் சின்னதா இருக்காங்க. ஸ்டேஷன்ல ஜனம் தெரியணும்.”

“எந்த ஸ்டேஷன்?”

“கிருஷ்ணகிரி.”

“கிருஷ்ணகிரில ஸ்டேஷன் ஏது?”

“இருந்துச்சே. தாத்தா சொல்வாரே, அவங்கப்பா திருப்பத்தூருக்கு ரயில்ல போனாருன்னு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கால்குலேட்டரை எடுத்து 762-ஐ 87-ஆல் வகுத்தேன். 8.76 வந்தது. ‘என்’ ஸ்கேலின் தண்டவாளம் 9 மி.மீ.

திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி குறுகிய பாதையை எச்.ஓ. அளவில் செய்தால் அது ‘என்’ தண்டவாளத்தில் ஓடும். ஆள் 20 மி.மீ. உயரம், மீசை தெரியும். பாதை 9 மி.மீ. குறுகிய பாதையின் இன்ஜினும் பெட்டியும் நிஜத்திலேயே குட்டை, அதனால் 25, 30 செ.மீ. ஆரத்திலேயே திரும்பிவிடும். இரண்டரை அடி அகலப் பலகை போதும், கட்டிலும் மிஞ்சும். ஐரோப்பாவில் இப்படி ஓட்டுகிறவர்கள் நிறைய, அதற்கு எச்.ஓ.இ. என்று பெயர், குட்டி நீராவி இன்ஜின்களும் தயாராகக் கிடைக்கின்றன. மேல் உடம்பை மட்டும் நம் ஊர் ஜாடைக்கு மாற்ற வேண்டும், அது அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் செய்கிற வேலை.

“அப்ப எச்.ஓ.வா, ‘என்’னா?” என்று மறுபடி கேட்டான்.

“ஆளை எச்.ஓ.வுல வாங்கு. தண்டவாளத்தை ‘என்’ல வாங்கு.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், “புரிஞ்சிடுச்சு சித்தப்பா. டிராக்டர் சக்கரம்,” என்றான். போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து என்னிடம் இருந்த பழைய பிளஷ் டோரைக் கேட்டான். ஆறரை அடிக்கு இரண்டரை அடி. பஸ் மேலே ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால் இன்னும் இங்கேதான் இருக்கிறது. மாங்காய் லோடு ஏற்ற வருகிற தெரிந்தவர் வண்டியில் அனுப்ப வேண்டும். மலையடிவாரத்தில் நிற்கும் நூறு பேரில் பத்துப் பேரையும் கேட்டிருக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு பிளாட்பாரத்துக்கு வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளாக வைத்துக்கொள்வானாம்.